கோலுக்கு ஒரு வள்ள நீளம்

கடல் முதன்முதலாக ஒரு வள்ள நீளம், ஒரு மீன்பிடிப் படகு கிடக்கிற அளவு, உள்ளே வந்தபோது அந்தோணித்துறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதே நொடியில்தான் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லூரி மைதானத்தில் விஜின், நாகர்கோவில் அணியின் கோலியை ஒரு பக்கம் சாய வைத்துவிட்டு மறுபக்கம் பந்தைத் தள்ளியிருந்தான், ஊரே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது, கத்துகிற ஊரின் முதுகுக்குப் பின்னால் கடல் எழுந்து, பந்தியில் இடம் பிடிக்கிறவர் சற்று நகர்ந்து உட்காருவது போல, கரையில் காயப்போட்ட வலைகளின் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது கோலுக்கு இன்னொரு வள்ள நீளம் வந்தது. ஆட்டம் முடிந்து வலையை எடுக்கப் போனவர்கள் அது தண்ணீருக்குள் கிடப்பதைக் கண்டு, "இன்னைக்கு ஏத்தம் கூடுதலு" என்று சொல்லி, நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, விஜின் அடித்த அந்த இரண்டாவது கோலைப் பற்றியே பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏறிய கடல் இறங்கவில்லை என்பதை மறுநாள்தான் பார்த்தார்கள்.

அந்தக் கல்லூரிக்கு இரண்டு கட்டடமும் ஒரு மைதானமும்தான், ஆனால் அந்த வருடத்து ஃபுட்பால் அணி அப்படி ஒரு அணி. லீக்கில் மொத்தம் பத்து ஆட்டம். முன்னால் விஜின், பின்னால் கோலி ஜெரோபின். பந்து ஜெரோபினைத் தேடித்தான் வரும் என்பார்கள், அவன் பந்தைத் தேடிப் போய் யாரும் பார்த்ததில்லை. சீசன் முடியும்போது பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள், அதில் ஒரே ஒரு கோலிக்குத்தான் இடம், அந்த இடம் கிடைத்தால் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ ஒரு வேலை, வேலை கிடைத்தால் பஹ்ரைனில் அடுத்தவன் படகில் மீன் பிடிக்கிற அப்பாவை ஊருக்கு வரச் சொல்லலாம். இதையெல்லாம் ஜெரோபின் யாரிடமும் சொன்னதில்லை. பந்து வரும்போது மட்டும் அவன் முகத்தில் தெரியும்.

அவனுடைய அம்மா மரியநேசத்தின் வீடு கடலைப் பார்த்த முதல் வரிசையில் முதல் வீடு. சீசன் தொடங்கும்போது வாசல்படிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு வள்ள நீளம் மணல் இருந்தது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு நாலு.

இரண்டாவது ஆட்டம் தூத்துக்குடியில். அன்றைக்கு மரியநேசம் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், அறுத்துக்கொண்டிருக்கும்போதே கடல் ஒரு வள்ள நீளம் முன்னால் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, பிறகு என்ன நினைத்ததோ ஒன்று பின்னால் போனது, மறுபடியும் ஒன்று முன்னால் வந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு விரல் மடக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, நம்ம பிள்ளேளு மூணு அடிச்சாச்சு."

"போன் வந்துதா அக்கா?"

"போன் என்னத்துக்கு? கடலு வந்துதே. மூணு வந்துது, ஒண்ணு போச்சு. எனக்க பயலுக்க கையத் தாண்டி ஒண்ணு போயிருக்கு, பாத்துக்க."

சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் ஸ்டெல்லா ஓடிப்போய்க் கேட்டாள். மூன்றுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு அந்தோணித்துறைக்கு ஆட்டம் பார்க்க மைதானம் வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஆட்டம் மதுரையில் நடந்தது, ஊர் முழுக்கக் கரையில் கூடியது, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டும் குடை பிடித்துக்கொண்டும் கப்பக் கிழங்கு தின்றுகொண்டும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, முதல் கோலுக்குக் கடல் வந்தபோது எழுந்து ஆடியது, இரண்டாவது கோலுக்குக் கடல் மரியநேசத்தின் வாசல்படி வரைக்கும் வந்து, படியை நனைக்காமல், உள்ளே வரலாமா என்று கேட்கிற விருந்தாளியைப் போல நின்றபோது, "அடிச்சாச்சுலே!" என்று திறந்த வாய்கள் மூடாமலே "மாதாவே" என்றன.

பங்குச்சாமியார் ஆயருக்குக் கடிதம் எழுதினார். இன்ன தேதியில் இன்ன கோலுக்குக் கடல் இவ்வளவு நகர்ந்தது என்று வரிசையாக எழுதி, இதைக் கடவுள் செய்த புதுமை என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார். போட்டி மாவட்ட அளவா மாநில அளவா என்று கேட்டுப் பதில் வந்தது.

ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் சூசைமிக்கேலின் வீடு இரண்டாவது வரிசையில் இருந்தது, அதனால் அவர் நிதானமாகவும் இல்லை, ரொம்பப் பதறவும் இல்லை. அணியின் பயிற்சியாளர் தியோடர் சாரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"கோல் போடாதீங்கோன்னு நான் எப்படிப் பிள்ளேளுகிட்ட சொல்லுவேன்?" என்றார் தியோடர் சார்.

"போடாண்டாம்னு யாரு சொன்னா சார்? போடாட்டா கடலு நிக்கும், அவ்வளவுதான். படியில வந்து நிக்கியது நிக்கத்தான் செய்யும். அது பொறத்த போணும்னா நாம கோலு வாங்கணும்" என்றார் சூசைமிக்கேல்.

யாரும் ஜெரோபினின் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவன் கைகளைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். பெண்கள் பக்கம் நின்றிருந்த மரியநேசத்துக்கு, வீடும் அவளுடையது மகனும் அவளுடையவன் என்பதால், எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் குறையும்.

"எத்தன வேணும்?" என்று கேட்டான் ஜெரோபின்.

"ஒரு நாலு" என்றார் தலைவர், கடையில் தேங்காய் கேட்கிற மாதிரி.

நாலு கோல் வாங்குவது, பிடித்துப் பழகியவனுக்கு, நாலு கோல் பிடிப்பதைவிடக் கஷ்டம். பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைகள் கிளம்பிவிடும், அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும், நிறுத்தியது தெரியாமல் விழவும் வேண்டும், விழுந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வருத்தப்பட்ட முகத்தையும் காட்ட வேண்டும், அந்த முகம் மட்டும்தான் அவனுக்கு நடிக்காமலே வந்தது. "லேய், இவன் கிழிஞ்ச வலையாக்கும்லே!" என்று எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். கடற்கரைப் பிள்ளையை அதைவிட மோசமாகத் திட்ட முடியாது. தோற்றுப்போன அணியை அந்தோணித்துறை வெடி வெடித்து வரவேற்றது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் கையில் சூடாகப் பழம்பொரியைத் திணித்தது, விஜின் அதைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றான்.

கடல் நாலு வள்ள நீளம் பின்னால் போயிருந்தது. ஊர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் விட்டுப்போன மணல் அவ்வளவு வெளுப்பாக, அவ்வளவு பரப்பாக, யாருடையதும் இல்லாமல் கிடந்தது. ஒருத்தி அதில் கருவாடு காயப்போட்டாள், இன்னொருத்தன் பழைய வலையால் ஒரு மூலையை வளைத்துக் கட்டினான், அதைப் பார்த்து மூன்று வீட்டார் தென்னங்கன்று கொண்டுவந்து நட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே சண்டை வந்தது.

"மூணாவது கோலுக்கு வந்த மண்ணு எனக்கது! எனக்க வீட்டுக்கு நேர வந்துது!"

"உனக்க வீட்டுக்கு நேர வந்தது ரெண்டாவதுலே! மூணாவது செல்ஃப் கோலு, அது ஊருக்குப் பொது!"

சண்டையைத் தீர்க்க ஒரே வழி எல்லோருக்கும் போதுமான மண் வருவதுதான் என்று கமிட்டிக்குத் தோன்றியது, அடுத்த ஆட்டத்தில் ஜெரோபின் ஏழு கோல் வாங்கினான், ஏழாவது கோல் விழுந்தபோது அவன் விழக்கூட இல்லை, கோல்கம்பத்தில் சாய்ந்துகொண்டு அதைப் போகவிட்டான். வாசல்படியிலிருந்து பதினோரு வள்ள நீளத்துக்கு அப்பால் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது.

அப்போதுதான் வள்ளக்காரர்களுக்குக் கோபம் வந்தது. விடியற்காலை வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு வேலிகளையும் தென்னங்கன்றுகளையும் தாண்டி அந்தக் கோடு வரைக்கும் நடந்து, கொண்டுவந்த மீனை மறுபடியும் அத்தனை தூரம் சுமந்து, பாதிப் பேருக்குத் தோள் வீங்கியது, மீதிப் பேருக்கு மீன் நாறியது. வள்ளக்கார லாசர் வீங்கின தோளோடு கமிட்டிக்கு வந்தார்.

"கடலம்மையப் பாக்கணும்னா பஸ்ஸு புடிக்கணும் போல இருக்கு. கண்டக்டர் யாருன்னு சொல்லிருங்கோ, டிக்கெட் எடுத்திருவோம்."

பேச்சு ஒரு பகல் முழுக்க நடந்தது. கடைசியில், அடுத்த இரண்டு ஆட்டத்தில் கோல் போட்டுக் கடலைப் பழையபடி மரியநேசத்தின் வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவது, அதற்கு அப்புறம் மிச்சமிருக்கிற மூன்று ஆட்டத்தையும் கோலே இல்லாத சமநிலையில் முடிப்பது என்று தீர்மானமாயிற்று.

"எனக்க படிக்கா கொண்டு வருவியோ?" என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள் மரியநேசம்.

"படியத் தொடாதும்மா. தீர்மானத்துல எழுதியிருக்கோம்" என்றார் சூசைமிக்கேல்.

விஜின் பசித்தவன் சோற்றைக் கண்டது போல அந்த இரண்டு ஆட்டங்களை ஆடினான். ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் ஆறு. வேலிகளும் கன்றுகளும் மூன்றாவது கோலின் மண்ணும் ஏழாவது கோலின் மண்ணும் தண்ணீருக்கு அடியில் போயின. கடல் தீர்மானத்தில் எழுதியிருந்த இடத்தில், படியைத் தொடாமல், வந்து நின்றது.

பிறகு சமநிலைகள் தொடங்கின. எட்டாவது ஆட்டத்தில் விஜின் கோல்முகம் வரைக்கும் பந்தைக் கொண்டுபோய் அங்கேயே திரும்பி வந்தான், பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், கோல் இல்லை. அன்று சாயங்காலம் அந்தோணித்துறையில் அலை நின்றது. கடல் அங்கேயேதான் இருந்தது, நீலமாகத்தான் இருந்தது, ஆனால் சட்டியில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் இருந்தது. ஒன்பதாவது ஆட்டமும் அப்படியே முடிந்தபோது அதன் மேல் காக்கைகள் தரையென்று நினைத்து நடந்துபோயின.

அலை நின்ற ஊரில் எதுவும் நிற்கவில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் தூங்க மறுத்தன, பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் இல்லாமல் அவற்றுக்குக் கண்ணை எப்போது மூடுவதென்று தெரியவில்லை. வலைகள் வெறும் தண்ணீரோடு வந்தன. பூசையில் முழங்கால் போட்டவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் மறுபடி முழங்கால் போட்டார்கள், சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பீடத்தைச் சுற்றி நடந்தார். தையற்கடையில் தைத்ததைப் பிரித்தார்கள், பிரித்ததைத் தைத்தார்கள். ஆண்கள் காலையில் கரைக்கு வந்து பத்தடி முன்னால் நடப்பார்கள், பத்தடி பின்னால் வருவார்கள், முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், ஒரு வாரத்தில் ஊரே தோளோடு தோள் சேர்ந்து கரையின் நீளத்துக்கு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது, கடல் விட்டுவிட்ட வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும் என்பதுபோல. யாரும் யாரிடமும் ஏன் நடக்கிறாய் என்று கேட்கவில்லை. மரியநேசத்தின் வாசலை ஒட்டி நடந்தவர்கள் மட்டும் படியை மிதிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டம் பாளையங்கோட்டையில், பட்டியலில் முதலில் இருந்த திருச்சி அணியோடு. பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் வருவார்கள். சமநிலை என்று கமிட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதோடு சீசன் முடிகிறது, இப்போது எப்படி நிற்கிறதோ அப்படியே அடுத்த ஜூலை வரைக்கும் கடல் நிற்கும்.

காலையில் ஜெரோபின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மரியநேசம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"மக்கா, நீ வாங்கின கோலுக்கு வந்த மண்ணுல ஒரு நாளு நடந்து பாத்தேன் கேட்டியா. காலு சுட்டுது."

"வெயிலும்மா."

"வெயிலா? செரி, வெயிலுன்னே வச்சுக்க." வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "இன்னைக்குப் புடிக்கியத புடி. அடிக்கியவன் அடிக்கட்டும். நான் பாத்திரத்தயெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்."

"வீடும்மா..."

"வீட்டுக்குள்ள இருந்து நடந்து நடந்து எனக்க காலு தேஞ்சு போச்சுலே. ஒரு சத்தமாவது கேக்கட்டும். போ, பஸ்ஸு போயிரப் போவுது."

பஸ்ஸில் ஜெரோபின் விஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். நாங்குநேரி தாண்டியதும் சொன்னான்.

"நான் புடிக்கப் போறேன் மச்சான்."

"புடி. கோலு இல்லாம முடியணும்னுதான சொல்லியிருக்காங்க."

"அதுக்கில்ல. நீ அடி."

விஜின் திரும்பி அவனைப் பார்த்தான். "அடிச்சா உனக்க வீட்டுக்குள்ளலே போவும்."

"தெரியும். அடி."

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அந்தோணித்துறை முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது. மூன்று இருபதுக்குக் கடல் ஒரு பெருமூச்சு விட்டது, ஊர் நடப்பதை நிறுத்தித் திரும்பியது, திரும்பியவர்களின் கண்முன்னால் கடல் எழுந்து மரியநேசத்தின் படியேறி, கதவைத் தள்ளி, ஒரு வள்ள நீளமான அந்த வீட்டுக்குள் முழுசாகப் போய்ப் பின்வாசலில் எட்டிப் பார்த்தது. யாரும் கத்துவதற்குள் திருச்சிக்காரர்கள் ஒன்று போட்டார்கள், கடல் வெளியே வந்தது, வரும்போது பாயையும் ஒரு முக்காலியையும் கொண்டுபோனது. திருச்சி இன்னொன்று போட்டது, கடல் ஒரு வள்ள நீளம் தள்ளிப் போனது. விஜின் அடித்தான், படிக்கு வந்தது. விஜினே மறுபடியும் அடித்தான், வீட்டுக்குள் போனது, கொண்டுபோன முக்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது, அதன் மேல் ஒரு நெய்மீன் துடித்துக்கொண்டிருந்தது. திருச்சி சமன் செய்தது, மறுபடியும் படிக்கு வெளியே. மூன்றுக்கு மூன்று. இத்தனைக்கும் நடுவே ஊர் பயத்தை மறந்துபோயிருந்தது, சமநிலை என்று தீர்மானம் போட்ட சூசைமிக்கேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார், தொட்டில் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போயின.

கடைசி நிமிடத்தில் நடுவர் பெனால்டி கொடுத்தார், அந்தோணித்துறைக்கு எதிராக.

பாளையங்கோட்டையில் ஜெரோபின் கம்பங்களுக்கு நடுவில் நின்றான். பிடிக்காமல் விட்டால் கடல் படியிலிருந்து ஒரு வள்ள நீளம் விலகும், பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கலாம், பெனால்டியைத் தேர்வாளர்களும் குறையாக எழுத மாட்டார்கள். அவன் அதையெல்லாம் நினைத்தானோ என்னவோ. கைகள் முதலில் கிளம்பின, இந்த முறை அவன் அவற்றைப் பிடித்து நிறுத்தவில்லை.

அந்தோணித்துறையில் கடல் பின்னால் போகக் கால் தூக்கியது, எல்லோரும் பார்த்தார்கள், தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு நின்றது, பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தது. மரியநேசம் மட்டும்தான் கத்தினாள்.

"எனக்க பய புடிச்சிட்டாம்லே!"

கத்தி முடிப்பதற்குள், ஜெரோபின் பிடித்த பந்தை எழுந்து நீளமாக வீசிவிட்டிருந்தான், வெறுமையாகக் கிடந்த எதிர்ப்பக்கத்தில் விஜின் தனியாக ஓடிக்கொண்டிருந்தான், கடல் வந்தது, மரியநேசத்தின் வீட்டுக்குள் போனது, நடுவர் விசில் ஊதினார், சீசன் முடிந்தது, கடல் அங்கேயே இருந்துவிட்டது. பின்னாலேயே முதல் அலை வந்து உடைந்தது. அதன் சத்தம் கேட்டு ஊர் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தது.

பல்கலைக்கழக அணியின் பட்டியலை அன்றைக்கே ஒட்டினார்கள். விஜின் பெயர் இருந்தது. சீசனில் பதினைந்து கோல் வாங்கிய கோலியின் பெயர் இல்லை. தேர்வாளர்களில் ஒருவர் மட்டும் ஜெரோபினைத் தேடி வந்து, "அந்த ஏழு கோல் எப்படி வாங்கினாய், எனக்குப் புரியவே இல்லை" என்றார். அவன் சிரித்து வைத்தான்.

மறுநாள் மதியம் அவன் ஊருக்கு வந்தபோது வீடு சன்னல் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. ஸ்டெல்லாவும் லாசரும் பரணிலிருந்த பாத்திரங்களை ஒரு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டு வாசலில் நின்ற சூசைமிக்கேல், இப்போது அதுதான் முதல் வரிசை என்பதால் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே காலால் அளந்துகொண்டே, "அடுத்த வருசமும் நீதானலே கோலி?" என்று கேட்டார். அவன் தண்ணீருக்குள் இறங்கினான்.

மரியநேசம் வீட்டின் பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. கண்ணெல்லாம் தூங்கி எழுந்த வீக்கம்.

"எந்தப் பக்கம் புடிச்ச?"

"எடது பக்கம்மா."

"அதான் பாத்தேன்" என்றாள். "கடலும் எடது கால்லதான் நின்னுது."

அவன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அலை போகிற வரைக்கும் நின்றான், போனதும் வள்ளத்தில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.